பிரிட்ஜில் ஒட்டிய புள்ளித் தாள்

“…அந்த மனிசன் எழுதினது முழுப் பொய்யெண்டா, பிறகேன் அதைக் கொண்டுவந்து பிரிட்ஜிலை ஒட்டி வைச்சிருக்கிறியள்?” என்று மனைவி கேட்டாள்.

கேட்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுப்பில் ஆட்டிறைச்சி கொதித்துக்கொண்டிருந்தது. அதைக் கிளறியபடி, அகப்பைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். நான் குசினி மேசையில் இருந்து இரண்டு பியர் போத்தல்களைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தேன். இரண்டும் நான் காய்ச்சிய பியர். வேலை முடிந்து வரும் நண்பன் அவற்றை வாங்கிக்கொண்டு மறுநாள் காரில் சிட்னிக்குப் போவதாக ஏற்பாடு. சிட்னியின் பரமட்டாவில் இருக்கும் என் மச்சான் அங்கே நடக்கும் வீட்டுப் பியர்ப் போட்டியில் அவற்றைக் கொண்டுபோய்க் கொடுப்பார். ஒரு பியருக்கு இரண்டு போத்தல் கொடுக்க வேண்டும் என்பது விதி. என்னிடம் மிஞ்சியிருந்ததும் அந்த இரண்டுதான்.

மெல்பேர்ணில் மண்ணைக் கவ்விய அதே பியர் சிட்னியில் நல்ல புள்ளி எடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது. இங்கே புள்ளி போட்ட நடுவர் பியரைக் குடித்துவிட்டு எழுதவில்லை, என் தோலைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார் என்று ஊருக்குச் சொல்லலாம். அதைச் சொல்லும் மின்னஞ்சல் என் போனில் தயாராக இருந்தது. பியர் காய்ச்சுகிறவர்களின் கிளப்பை விட்டு விலகுகிறேன் என்ற வரியோடு அது முடிந்தது. சிட்னி முடிவு வந்ததும் ஒரு தட்டு. அவ்வளவுதான்.

பிரிட்ஜில் ஏன் ஒட்டினேன் என்று மனைவி கேட்டாள். பதில் நீளமானது. கோபம் ஆறிவிடக் கூடாது என்பதற்காகத்தான் ஒட்டினேன். காலையில் பால் எடுக்கப் போனால் அது கண்ணில் படும். இரவு மிஞ்சிய கறியை உள்ளே வைக்கப் போனால் அது கண்ணில் படும். எங்கள் பஸ் டிப்போவில் ஒரு கிரேக்கக் கிழவர் இருந்தார், ஓய்வு பெற்றுப் போய்விட்டார். பசித்தவனிடம் வழி கேட்காதே, கோபக்காரனிடம் நேரம் கேட்காதே என்பார், இருவருக்கும் வேறு எதுவும் காதில் ஏறாதாம். என்னிடம் யாரும் நேரம் கேட்கக்கூடாத நிலையில் ஒரு மாதமாக இருந்தேன்.

நான் பஸ் ஓட்டுகிறவன். பியர் காய்ச்சுவதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. போனில் படம் பார்த்தும், லைப்ரரியில் புத்தகம் எடுத்தும், பிழை விட்டும் படித்தேன். நாங்கள் இருக்கும் கிரெய்கிபர்னில் எங்கள் ஆட்களின் கராஜ்களைத் திறந்து பார்த்தால் கார் இருக்காது. கார் தெருவில் வெயில் காயும், கராஜுக்குள் இரண்டாம் குசினி இருக்கும். எங்கள் கராஜில் ஒரு பக்கம் மனைவியின் காஸ் அடுப்பு, தாச்சி, தூள் அரைக்கும் மெசின். மறுபக்கம் என் பானை, குழாய்கள், பீப்பாய்கள். யாழ்ப்பாணத் தூளுக்கு மிளகாயும் கொத்தமல்லியும் வீட்டுக்குள் வறுத்தால் புகை அலாரம் ஊரைக் கூட்டிவிடும். எனக்கும் வீட்டுக்குள் இடமில்லை. அதனால் இருவரும் நாடு கடத்தப்பட்டவர்களைப் போல அங்கே கூடினோம். என் பியரின் நிறத்தைப் பார்த்து அவள் சொன்ன ஒரு சொல்லை இங்கே எழுத முடியாது. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். அந்த நிறத்தில் நாள் முழுக்கப் பார்த்துவிட்டு வருகிறேன், வீட்டிலுமா என்பாள். அத்தனை வருடத்தில் அவள் ஒரு சொட்டு நாக்கில் வைத்ததில்லை.

கிளப்பில் சேர்ந்தது எப்படியென்றால், மோல்ட் வாங்கும் கடையில் ஒருவர் வரச் சொன்னார். மோல்ட் என்றால் முளைக்கவிட்டுக் காயவைத்த பார்லி. அதை உடைத்துச் சுடுநீரில் ஊறவைத்து, இனிப்புத் தண்ணீரை வடித்து, ஹொப்ஸ் பூப்போட்டுக் கொதிக்கவைத்து, ஆறிய பிறகு ஈஸ்ட் போட்டால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். சொல்ல எளிது. பியர் காய்ச்சுகிறவன் என்பது பாத்திரம் கழுவுகிறவனுக்கு வைத்த மரியாதைப் பெயர் என்று கிளப்பில் ஒரு பகிடி உண்டு.

கிளப்பில் என் நிறத்தில் நான் ஒருவன்தான். அதைப்பற்றி ஆரம்பத்தில் ஒரு கூச்சம் இருந்தது. போகப் போக மறந்துவிட்டேன். எல்லோரும் ஒரே விஷயத்துக்காகக் கவலைப்படுகிற இடத்தில் நிறம் மறந்துபோகும். என் பீப்பாயில் நுரை வரவில்லை என்று நான் சொன்னால், ஒரு வக்கீலும் ஒரு தச்சரும் தங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதுபோலக் கவலைப்படுவார்கள். இந்த நாட்டில் எனக்கு அப்படி ஒரு இடம் வேறு இல்லை. கோயிலுக்குப் போனால் எந்த ஊர் என்பார்கள். வேலைக்குப் போனால் எந்த நாடு என்பார்கள். அங்கே மட்டும்தான் எந்த ஈஸ்ட் என்று கேட்டார்கள்.

போட்டிகளுக்கு அனுப்பச் சொன்னதும் அவர்கள்தான். போட்டி என்றால் கோப்பைக்காக மட்டுமில்லை. ஒவ்வொரு பியருக்கும் நடுவர் ஒரு தாள் நிரப்பி அனுப்புவார். மணம், தோற்றம், சுவை, வாயில் நிற்கும் விதம் என்று பிரித்துப் புள்ளி போட்டு, ஏன் குறைத்தேன் என்று எழுதுவார். என் முதல் தாளில் வாழைப்பழ மணம் என்று இருந்தது. நொதிக்கும்போது சூடு கூடியிருக்கும், இடத்தைக் குளிர்மையாக்கு என்று எழுதியிருந்தார்கள். உண்மைதான். தை மாத வெயிலில் எங்கள் கராஜின் தகரக் கதவில் தோசை சுடலாம். பழைய பிரிட்ஜ் ஒன்றை வாங்கிப் பீப்பாயை அதற்குள் வைத்தேன், வாழைப்பழம் போய்விட்டது. அடுத்த தாளில், நாக்கின் ஓரம் வறள்கிறது, நெடுநேரம் ஊறிய தேத்தண்ணியைப்போல என்று இருந்தது. மோல்ட் உமியை அளவுக்கு மிஞ்சி அலசியிருக்கிறாய், கொஞ்சம் இனிப்பு மிஞ்சியிருந்தாலும் விட்டுவிடு என்றார்கள். எனக்கு விடுவது கஷ்டம், கடைசிச் சொட்டுவரை பிழிந்து பழகிய கை. ஆனாலும் விட்டேன். அந்த வருடம் பேல் ஏல் என்ற வகையில் என் பியருக்கு மூன்றாமிடம் கிடைத்தது.

பள்ளிக்கூடத்தில் என் கொப்பியில் வாத்தியார்மார் சரி போட்டார்கள், பிழை போட்டார்கள், காதையும் திருகினார்கள். ஏன் பிழை என்று ஒருவரும் எழுதியதில்லை. முகம் தெரியாத ஆட்கள், என் பெயர்கூடத் தெரியாமல், ஏன் என்று எழுதி அனுப்பினார்கள். அதனால்தான் பிறகு நடந்தது அவ்வளவு சுட்டது. நான் நம்பாதவன் எழுதியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன்.

மூன்றாமிடம் வந்த கையோடு என் மோல்ட் உடைக்கும் கைமெசின் உருளை உடைந்தது. மனைவியின் தூள் மெசினைக் கேட்டேன். தட்டுகளை அகட்டிவைத்தால் அது மாவாக்காமல் குறுணலாகவும் உடைக்கும். அவள் யோசித்தாள். அவளுடைய பயம் என் பியரைப் பற்றியது இல்லை, அவளுடைய தூளைப் பற்றியது. தூளில் பியர் மணந்தால் கொன்றுபோடுவேன் என்றாள். பிறகு சட்டம் சொன்னாள். தொடங்கும்போது ஒரு பிடி பச்சையரிசி போட்டு அரைக்க வேண்டும், முடித்ததும் இன்னொரு பிடி போட்டு அரைக்க வேண்டும். அரிசி ஓடினால் மெசின் சுத்தம். இது எங்கள் வீடுகளில் பெட்டைக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். நான் அச்சொட்டாக அப்படியே செய்தேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் சொன்ன ஒன்றை நான் இவ்வளவு ஒழுங்காகச் செய்தது கிடையாது.

அந்த வருடம் அடுத்த போட்டியில் புள்ளி சரிந்தது. மிளகு, கிராம்பு போன்ற மணம், வேண்டாத ஈஸ்ட் தொற்றியிருக்கலாம், குழாய்களையும் பிளாஸ்டிக் சாமான்களையும் மாற்று என்று எழுதியிருந்தார்கள். மாற்றினேன். பழைய பீப்பாய்களைத் தூக்கி எறிந்தேன். பானையைத் தேய்த்துத் தேய்த்து என் விரல்நுனித் தோல் உரிந்தது. ஒரு சனிக்கிழமை முழுக்கக் கராஜ் தரையைப் பிளீச் போட்டுக் கழுவினேன். தைப்பொங்கல் முடிந்த கிழமை புதிதாகக் காய்ச்சினேன். ஊற்றிப் பார்த்தேன். பளிங்கு மாதிரி இருந்தது. எனக்கு எந்த மணமும் வரவில்லை. டிப்போ நண்பனுக்குக் கொடுத்தேன். அவன் திருநெல்வேலிப் பக்கம், படிக்க வந்து பஸ் ஓட்டுகிறவன். ‘சூப்பர்ண்ணே’ என்றான். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். என் குஞ்சைப் பார்த்து இன்னொரு காக்கையும் பொன் என்றது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அந்தப் பியருக்கு வந்த தாள்தான் பிரிட்ஜில் இருந்தது. எறும்பு ஊர்ந்ததுபோன்ற ஆங்கிலக் கையெழுத்து. மணம் என்ற கட்டத்துக்குள் சில சொற்கள், அவற்றின் கடைசியில் ஒரு சொல், அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. கறி?

கறி. கேள்விக்குறி.

அந்தச் சொல்லை இந்த நாட்டில் முதல் தடவையாக நான் அந்தத் தாளில் வாசிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் டிப்போவின் சாப்பாட்டு அறையில் மனைவி கட்டித் தந்த சோற்றையும் மீன்குழம்பையும் மைக்ரோவேவில் சூடாக்குவேன். ஒரு நாள் மைக்ரோவேவ் கதவில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. கடும் மணமுள்ள உணவை இதில் சூடாக்க வேண்டாம் என்று, தயவுசெய்து எல்லாம் போட்டு, கீழே ஒரு சிரித்த முகமும் கீறியிருந்தது. ஒருவனும் என் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு முதல் நாள் ஒருவன் அதே மைக்ரோவேவில் மீனை வெடிக்கவிட்டு அறையே நாறியது. அப்போது கடதாசி இல்லை. என் குழம்புக்குத்தான் கடதாசி. இதை எழுதும்போதும் என் காது சூடாகிறது. அந்தச் சிரித்த முகத்தைக் கீறிய கை யாருடையது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்தால் என்ன செய்வேன் என்றும் தெரியாது.

ஆகவே கறி என்று வாசித்ததும் நான் பியரை மறந்துவிட்டேன். கடதாசிதான் ஞாபகம் வந்தது. மைக்ரோவேவில் இருந்து கழன்று, இத்தனை வருடம் என்னைத் தேடி அலைந்து, கடைசியில் என் கராஜுக்கே வந்துவிட்டது என்று நினைத்தேன்.

போட்டி முடிந்து பரிசு கொடுத்த பின்னேரம் அந்த நடுவரைப் பிடித்தேன். பிளம்பராக இருந்து ஓய்வு பெற்றவர், காது கேட்க மெசின் போட்டிருப்பவர், எல்லோரையும் மேட், அதாவது கூட்டாளி, என்று கூப்பிடுகிறவர். தாளை அவர் மூக்குக்கு முன்னால் நீட்டி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. பக்கத்தில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவர்கள் தண்ணியை நிறுத்தினார்கள். கிழவர் கண்ணாடியைப் போட்டு, தன் கையெழுத்தைத் தானே கஷ்டப்பட்டு வாசித்தார்.

“மணந்ததை எழுதினேன், மேட்,” என்றார். “அதுக்குப் பெயர் எனக்குத் தெரியாது. கிட்ட வந்த சொல்லைப் போட்டேன். அதுதான் கேள்விக்குறி. உனக்குப் பெயர் தெரிஞ்சா சொல்லு, அடுத்த தடவை அதை எழுதுறேன்.”

இதைவிட ஒரு மனிதனுக்குக் கோபம் வரச் செய்ய முடியாது. மன்னிப்புக் கேட்டிருந்தால் பெருந்தன்மையாகப் போயிருப்பேன். சண்டைக்கு வந்திருந்தால் சந்தோசமாகச் சண்டை பிடித்திருப்பேன். அவர் இரண்டும் செய்யாமல், என்னிடமே சந்தேகம் கேட்கிறார். என் பியரில் ஒரு மணமும் இல்லை என்று சொல்லிவிட்டு, கோப்பை வாங்கியவர்களுக்குக் கைதட்டாமல் வெளியே வந்து காரில் ஏறினேன்.

டிப்போவில் நண்பனிடம் சொன்னேன். சொல்லும்போது ‘கறி’ என்று மட்டும் சொன்னேன். முன்னால் இருந்த சொற்களைச் சொல்லவில்லை. கேள்விக்குறியையும் சொல்லவில்லை. கோபத்துக்குச் சமைக்கும்போது உப்புப் புளி பார்த்துத்தான் போடுவோம்.

“அண்ணே, இதுக்குப் பேரு டிஸ்கிரிமினேஷன்,” என்றான் அவன். “விடாதீங்க. இன்னைக்கு விட்டீங்கன்னா நாளைக்கு நம்ம தலைமேல ஏறி உக்காருவானுங்க.”

போத்தலில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான் ஒட்டியிருக்கும் என்று நான் சொன்னேன். உண்மையில் எனக்கு அது தெரிந்துதான் இருந்தது. அந்தக் கிழவருக்கு அது யார் காய்ச்சிய பியர் என்று தெரிய வழியே இல்லை.

“நம்பர் ஒட்டுறவன் யாரு? அவங்க ஆளு தானே?” என்றான். “நீங்க ரொம்ப அப்பாவிண்ணே.”

இதைக் கேட்டதும் எனக்கு அப்பாவியாக இருக்க விருப்பமில்லாமல் போனது. மின்னஞ்சலை இருவரும் சேர்ந்து எழுதினோம். அவனுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். நான் தமிழில் திட்டினேன், அவன் அதை இஸ்திரி போட்டு மடித்துக் கொடுத்தான். வாசித்துப் பார்த்தபோது எனக்கே என்மேல் பயம் வந்தது. அனுப்பினால் அந்தக் கிளப் வாசலை நான் திரும்ப மிதிக்க முடியாது. தச்சரும் வக்கீலும் இல்லை, நுரைக்குக் கவலைப்பட ஆளில்லை. அந்தக் கிழவர் பெயருக்குப் பக்கத்தில் அந்த வயதில் இனவாதி என்று ஒரு சொல்லும் ஒட்டிக்கொள்ளும். அது தெரிந்துதான் விரல் அழுத்த மாட்டேன் என்றது. சிட்னி யோசனை வந்தது அதனால்தான். அங்கே ஒரு நல்ல புள்ளி, பிறகு விரலுக்குச் சந்தேகம் இருக்காது.

அப்படித்தான் அந்த வியாழக்கிழமை குசினி மேசையில் போத்தல் சுற்றிக்கொண்டிருந்தேன். மனைவி அகப்பைக்குச் சொல்வதுபோலக் கேட்டுவிட்டு அடுப்பைக் குறைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு பிரிட்ஜுக்கு முன்னால் போய் நின்றாள். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டாள். ஒரு மாதமாக அவளும் பால் எடுக்கிறாள், கறி வைக்கிறாள், ஆனால் அந்தத் தாளை அவள் வாசித்ததில்லை. நான் சொல்லும் ஒரு சொல்லே அவளுக்குப் போதும் என்று இருந்தாள்.

“ரோஸ்டட் சீட் எண்டு கிடக்கு,” என்றாள். “வறுத்த விதை. இதைச் சொல்லேல்லையே நீங்கள்.”

நான் பேப்பரைச் சுற்றினேன்.

“அதுக்கடுத்த சொல் என்ன? எஸ்சி…”

“ஸ்கோர்ச்ட்.”

“அப்பிடியெண்டா?”

“கருகினது.”

அவள் அந்தக் கட்டத்தைத் திரும்ப வாசித்தாள். பிறகு, இது எப்போது காய்ச்சிய பியர் என்று கேட்டாள். பொங்கல் முடிந்த கிழமை என்றேன். பொங்கலுக்கு முதல்தான் அவள் தூள் வறுத்தாள். கனடாவில் இருக்கும் தங்கச்சி அந்த நேரம் பார்த்துப் போன் எடுக்க, கதை நீள, கொத்தமல்லி அடிப்பிடித்துக் கருகியது. எறிய மனமில்லாமல் மற்றதோடு சேர்த்து அரைத்துவிட்டு, ஒரு கிழமையாகத் தங்கச்சியைத் திட்டினாள். எனக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று அந்த நிமிடம் எனக்குப் படவில்லை.

மேசைக்கு வந்து நான் சுற்றிவைத்த போத்தலை எடுத்துப் பேப்பரை உரித்தாள். வேண்டாம் என்றேன், இரண்டு போத்தல் கொடுக்காவிட்டால் எடுக்கமாட்டார்கள் என்றேன். என் குரல் உயர்ந்தது. கரண்டிக் காம்பை மூடிக்கடியில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினாள். மூடி போய்ச் சுவரில் அடித்தது. கோப்பி குடிக்கும் டம்ளரில் ஊற்றினாள். முதலில் மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணை மூடினாள். தூள் வறுக்கும்போது பதம் பார்க்கிற அதே முகம். பிறகு ஒரு வாய் குடித்தாள். கைப்புக்கு முகத்தைச் சுழித்தாள், ஆனால் துப்பவில்லை. நாக்கை அண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பார்த்தாள்.

“தொடங்கேக்கை ஒரு பிடி அரிசி போட்டு அரைக்கச் சொன்னனான் எல்லே,” என்றாள். “அந்த அரிசியை என்ன செய்தனீங்கள்?”

“என்ன செய்யிறது? பானைக்குள்ளைதான் போட்டனான்.”

“ஆரின்ரை பானைக்குள்ளை?”

“பியர்ப் பானைக்குள்ளைதான். அரிசி சேர்த்தால் பியர் மெல்லிசா வருமெண்டு புத்தகத்திலை இருக்கு. நல்ல பச்சையரிசி. எறியிறதே?”

சொல்லி முடிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் விளங்கினால் கோபம் போய்விடும் என்று யார் சொன்னது? எனக்கு இன்னும் கூடியது. அவள் சிரித்திருந்தால்கூட நல்லது. அவள் சிரிக்கவில்லை.

“நீர்தானே சொன்னனீர், அரிசி போட்டால் மெசின் சுத்தமெண்டு,” என்று கத்தினேன்.

“மெசின் சுத்தமாகும்,” என்றாள். “அரிசி சுத்தமாகுமெண்டு ஆர் சொன்னது?”

தட்டில் ஒட்டிய தூளையெல்லாம் வழித்து எடுப்பதுதான் அந்த அரிசியின் வேலை. அவள் அதைக் குழம்பு தடிக்கப் போடுவாளாம், அதில்தான் ருசி முழுக்க இருக்குமாம். எத்தனையோ வருடமாக நானே அந்தக் குழம்பைத் தின்றிருக்கிறேன். நான் குழாய் மாற்றினேன், பீப்பாய் எறிந்தேன், பிளீச் போட்டுத் தரையைக் கழுவினேன். பிறகு ஒவ்வொரு முறையும் பயபக்தியோடு ஒரு பிடி யாழ்ப்பாணத் தூளை என் கையாலேயே பானைக்குள் போட்டிருக்கிறேன். எனக்கு மணக்கவில்லை. எப்படி மணக்கும்? அந்த மணத்துக்குள்தானே படுத்து எழும்புகிறேன். திருநெல்வேலிக்காரனுக்கு எப்படி மணக்கும்? எங்கள் இருவருக்கும் காற்று அதுதான். அதைக் காற்றாகச் சுவாசிக்காத ஒரு மூக்குக்குத்தான் அது தனியாகத் தெரிந்தது. காது கேளாத ஒரு பிளம்பர், கருகல் வரைக்கும் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார். பெயர் தெரிந்தால் சொல்லு என்று கேட்டவருக்குச் சொல்ல இப்போது என்னிடம் பெயர் இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் பொய்யராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதி.

“அப்ப அந்த மைக்ரோவேவ் கடதாசி?” என்றேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது. “அதுவும் சரியோ?”

அவள் டம்ளரை மேசையில் வைத்தாள்.

“அது பிழை,” என்றாள். “அதுக்கு அண்டைக்கே கோபப்பட்டிருக்கவேணும். கடதாசியைக் கிழிச்சுக்கொண்டு போய் மனேச்சரின்ரை மேசையிலை போட்டிருக்கவேணும். நீங்கள் என்ன செய்தனீங்கள்? வீட்டை வந்து, நாளையிலை இருந்து சான்விச் கட்டித் தா எண்டனீங்கள். நான் கட்டித் தந்தனான். இண்டுவரைக்கும் கட்டித் தாறன். இவ்வளவு காலமும் வைச்சிருந்த கோபத்தைக் கொண்டுபோய்க் காது கேளாத ஒரு கிழவன்ரை தலையிலை கொட்டப் போறியள்.”

சொல்ல இருந்ததெல்லாம் அவள் பக்கத்து நியாயமாகவே வந்தது. அதனால் அவளை முறைத்தேன். அவளும் முறைத்தாள். எங்கள் கலியாண வாழ்க்கையில் இது ஒரு பாஷை.

வெளியே கார் வந்து நின்றது. நண்பன் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தான். மேசையில் பாதிப் போத்தல் ஒன்றும், பேப்பர் சுற்றிய முழுப் போத்தல் ஒன்றும் இருந்தன. என் போன் பக்கத்தில் கிடந்தது. ஒரு போத்தலையாவது கொடுத்துவிடலாமா, மச்சான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பாரா என்று என் மூளை அப்போதும் வழி தேடிக்கொண்டிருந்தது என்பதை எழுதத்தான் வேண்டும்.

மனைவி சட்டியின் மூடியைத் தூக்கினாள். பாதிப் போத்தலில் இருந்ததை இறைச்சிக்கு மேல் ஊற்றினாள். நுரைத்து அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து மற்றப் போத்தலையும் எடுத்துப் பேப்பரை உரித்து, மூடியை நெம்பி, அதையும் சட்டிக்குள் ஊற்றிவிட்டு, கதவைத் திறந்து, சாப்பிட்டுவிட்டுப் போகலாம் உள்ளே வாரும் என்று நண்பனைக் கூப்பிட்டாள்.